பொதுக் கருவிகளுக்கு இலக்கமிடுவோம்

மண்வெட்டி முதல் நீரிறைக்கும் இயந்திரம் வரை: குழுக்களுக்கான ஒரு பாடம்

இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் மீண்டும் கமத்தில் இறங்கும்போது அதன் கையில் இருப்பவை மிகச் சில. காணி பெரும்பாலும் இன்னொருவருடையதாக இருக்கும். அல்லது பத்திரம் இன்னும் கைக்கு வராததாக இருக்கும். வீடும் தற்காலிகமானதே. தன்னுடையது என்றோ தன் குழுவினுடையது என்றோ உறுதியாகச் சொல்லக்கூடியவை ஒரு மண்வெட்டி, ஓர் அலவாங்கு, ஒரு மருந்தடிக்கும் டாங்கி, பத்துப் பதினைந்து குடும்பங்களுக்குப் பொதுவாகக் கிடைத்த ஒரு நீரிறைக்கும் இயந்திரம் ஆகியவையே. இவை இல்லாமற் போனால் ஒரு போகம் போய்விடும். போகம் போனால் அந்த ஆண்டின் சாப்பாடும் பிள்ளைகளின் படிப்பும் போய்விடும்.

மாத்தளை மாவட்டம் இடப்பெயர்வைப் பலமுறை கண்டிருக்கிறது. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது தோட்டப்புறங்களிலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குச் சென்றன. மொறகஹகந்த நீர்த்தேக்கத்துக்காக ஊர்களைவிட்டு எழுந்த கமக்காரர்கள் புதிய இடங்களில் வாழ்வைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த அணைக்கட்டு 2018 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் மழையும் மண்சரிவும் கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மாவட்டங்களோடு மாத்தளையையும் தாக்கின. காரணங்கள் வேறு வேறு. ஆயினும் ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். உதவி வருகிறது, கருவிகள் வருகின்றன, குழுக்கள் அமைகின்றன, இரண்டு போகம் கழித்துப் பார்த்தால் கருவிகளிற் பாதியைக் காணவில்லை.

யாராவது திருடினார்களா? பெரும்பாலும் இல்லை. ஒருவர் வாங்கிச் சென்று மற்றவருக்குக் கொடுத்திருப்பார். அவர் மச்சானுக்குக் கொடுத்திருப்பார். மச்சான் வேலை தேடிக் கொழும்புக்குப் போயிருப்பார். மண்வெட்டிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் எது சங்கத்துடையது, எது வீட்டுக்குரியது என்று எவராலும் சொல்ல முடியாது. திருடர் எவருமில்லாமலே பொருள் தொலைகிறது. பொருளைத் தொடர்ந்து நம்பிக்கையும் தொலைகிறது. ஒருவரையொருவர் சந்தேகிக்கும் குழு அடுத்த கூட்டத்துக்குக் கூடுவதில்லை. ஆகவே கருவிக்கு இலக்கமிடுவது அலுவலகக்காரர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது. அது குழுவின் ஒற்றுமையைக் காக்கும் வேலை.

குறியிடுதல் எமக்குப் புதிதல்ல

எமது வீடுகளிலுள்ள பித்தளைப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ விளிம்பிலோ பாட்டியின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். கலியாண வீட்டுக்கு இரவலாகப் போன அண்டா திரும்பி வருவதற்கு அந்த எழுத்துக்களே காரணம். மரண உதவிச் சங்கங்கள் தமது கதிரைகளின் முதுகில் சங்கத்தின் பெயரைப் பெயின்டால் எழுதுகின்றன. சலவைத் தொழிலாளர் பல வீட்டுத் துணிகளை ஒன்றாக வெளுத்தாலும் வீடு மாறாமற் கொண்டுவந்து சேர்த்தார்கள். சேங்கொட்டையின் சாற்றால் அவர்கள் இட்ட சிறு குறி எத்தனை முறை துவைத்தாலும் அழியாது. மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கத்தையும் அறிவோம். பட்டிகள் கலந்து போனாலும் குறியைப் பார்த்து உரியவர் தமது மாட்டைப் பிரித்தெடுப்பார். இன்று இந்தியாவில் மாடுகளின் காதில் 12 இலக்க எண்ணும் கோட்டுக் குறியும் கொண்ட அட்டையைப் பொருத்துகிறார்கள். தடுப்பூசி போட்ட விபரமெல்லாம் அந்த எண்ணின் கீழ்ப் பதியப்படுகிறது.

ஆனால் எல்லாக் குறிகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கோயிலில் எரியும் மின்குமிழில் ‘உபயம்’ என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். நிறுவனங்கள் தரும் நீரிறைக்கும் இயந்திரத்திலும் கொடுத்தவரின் சின்னம் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரமெங்கும் வழங்கப்பட்ட படகுகளிலும் இவ்வாறே கண்டோம். அந்தச் சின்னம் யார் கொடுத்தார் என்பதைச் சொல்லும். இப்போது அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. எமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகைக் குறி.

கடைகளில் உள்ள கோட்டுக் குறி

சவர்க்காரப் பெட்டியிலும் பிஸ்கட் பைக்கற்றிலும் கறுப்பும் வெள்ளையுமாக நிற்கும் கோடுகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பார்கோட் என்று சொல்லப்படும் இந்தக் கோட்டுக் குறிக்கு ஒரு கதை உண்டு.

1948இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோசப் வுட்லாண்ட், பேர்னாட் சில்வர் என்னும் இரு இளைஞர்கள், கடையில் பொருட்களைத் தானாகவே அடையாளங் காணும் வழியொன்றைத் தேடினார்கள். வுட்லாண்ட் சிறுவயதில் சாரணர் இயக்கத்தில் மோர்ஸ் குறிகளைக் கற்றவர். பழைய தந்திக் கந்தோர்களில் தட்டப்பட்ட புள்ளியும் கோடுமே அவை. ஒருநாள் கடற்கரை மணலில் அந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் வரைந்துவிட்டு விரல்களால் அவற்றைக் கீழ்நோக்கி இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாயிற்று; கோடு தடித்த கோடாயிற்று. 1952இல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் அதைப் படிக்கும் கருவி மலிவாகி நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. 1974 ஜூன் 26ஆந் திகதி ஒஹாயோ மாநிலத்தின் ட்ரோய் என்னும் ஊரில் ஒரு பேரங்காடியில் சூயிங்கம் பைக்கற்று ஒன்று முதன்முதலாக இவ்வாறு படிக்கப்பட்டு விற்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அந்தக் கோடுகளில் பொருளின் பெயர் இல்லை, விலையும் இல்லை. ஓர் எண் மாத்திரமே இருக்கிறது. கருவி அந்த எண்ணைப் படிக்கிறது. கடையின் கணினியிலுள்ள பதிவேடு அந்த எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கும் பெயரையும் விலையையும் சொல்கிறது. பதிவேட்டை அழித்துவிட்டால் கோடுகளுக்குப் பொருளே இல்லை. குறி ஒரு கதவிலக்கம் போன்றது. வீட்டினுள் யார் இருக்கிறார் என்பதைப் பதிவேடுதான் அறியும்.

எமது நாட்டுக் கடைகளில் காணும் குறிகளில் பொதுவாக 13 இலக்கங்கள் உண்டு. 479 என்று தொடங்கினால் அந்த எண்ணைப் பெற்ற நிறுவனம் இலங்கையிற் பதிவு செய்தது என்று அர்த்தம். 890 என்றால் இந்தியா. பொருள் அந்த நாட்டிலேயே செய்யப்பட்டது என்பதற்கு இது உறுதி அல்ல. பதிவு அங்கே என்பது மட்டுமே.

கடைசி இலக்கத்துக்குத் தனி வேலை உண்டு. அது மற்றப் 12 இலக்கங்களும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிக்கும் காவலாளி. பயிற்சிக்காக நாமே அமைத்த ஓர் எண்ணை எடுப்போம்: 479123456789. இடமிருந்து 1ஆம், 3ஆம், 5ஆம் என ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 4, 9, 2, 4, 6, 8. விடை 33. இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 7, 1, 3, 5, 7, 9. விடை 32. அதை 3ஆற் பெருக்கினால் 96. இரண்டையும் சேர்த்தால் 129. அடுத்த பத்தின் மடங்காகிய 130ஐ அடைய 1 தேவை. ஆகவே 13ஆவது இலக்கம் 1. ஓர் இலக்கம் பிழையாகப் படிக்கப்பட்டாலும் கணக்கு ஒத்துவராது. கருவி ஏற்க மறுக்கும். உயர்தரம் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் ஒரு பிஸ்கட் பைக்கற்றைக் கொடுத்து இந்தக் கணக்கைச் செய்யச் சொல்லுங்கள்.

புகையிரதப் பெட்டிகள் தந்த பாடம்

கடைப் பொருள் ஒருமுறை விற்றால் போய்விடும். வேலைக் கருவி அப்படியல்ல. அது சேற்றிலும் வெயிலிலும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு.

1967இல் அமெரிக்கப் புகையிரத நிறுவனங்கள் தமது சரக்குப் பெட்டிகள் எங்கே நிற்கின்றன என்று அறிய ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் நிறக் கோடுகள் கொண்ட தகடு பொருத்தப்பட்டது. பாதையோரத்தில் இருந்த கருவி, ஓடும் பெட்டியின் எண்ணைப் படித்தது. எண்ணம் நல்லதுதான். ஆனால் தூசும் எண்ணெயும் சேறும் படிந்தன; தகடுகளைத் துடைத்துப் பராமரிக்க ஒழுங்கு இருக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு தகடுகளைப் படிக்க முடியவில்லை. அந்தப் பத்தாண்டு முடியுமுன் திட்டமே கைவிடப்பட்டது.

பெரும் பணமும் பொறியியலாளரும் இருந்த இடத்திலேயே சேறு வென்றது. வயலில் இறங்கும் எமது மண்வெட்டியில் கடதாசிக் குறியை ஒட்டினால் அது ஒரு கிழமை நிற்குமா?

கியூ.ஆர். குறியும் எரிபொருள் வரிசையும்

1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா என்பவரின் குழு சதுரக் குறியொன்றை உருவாக்கியது. மோட்டார் வாகன உதிரிப் பாகங்களைத் தொழிற்சாலையில் அடையாளங் காண்பதே அதன் முதல் நோக்கம். கியூ.ஆர். எனப்படும் இந்தக் குறி கோட்டுக் குறியைவிட மிக அதிகமான செய்தியைத் தாங்கும். ஒரு பகுதி அழுக்கானாலும் கிழிந்தாலும் மீதியைக் கொண்டு படிக்கக்கூடியவாறு அது அமைக்கப்பட்டுள்ளது.

இக்குறியை எமக்கு அறிமுகப்படுத்தியது 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி. அந்த ஆண்டு யூலையில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கியூ.ஆர். குறி வழங்கப்பட்டது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் எனப் பங்கு இருந்தது. 2023 செப்டெம்பரில் அந்த முறை நீக்கப்பட்டது. அதுவரை நாட்கணக்காக நின்ற வரிசைகள் இதனாற் குறைந்தன என்பது உண்மை. அதே சமயம் வேறு சிலவற்றையும் அறிந்தோம். எவ்வளவு மீதி இருக்கிறது என்பது கையிலிருந்த கடதாசியில் இல்லை. எங்கோ இருந்த கணினியில் இருந்தது. அதனோடு தொடர்பு இல்லாவிட்டால் வேலை நின்றது. குறியின் படத்தை வைத்திருந்த இன்னொருவர் அந்தப் பங்கை எடுத்துவிட்டதாக முறைப்பாடுகளும் எழுந்தன. படமெடுக்கக்கூடிய குறி எதுவும் தானாகவே பாதுகாப்பு ஆகாது. அதன் பின்னால் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் ஒரு மனிதர் வேண்டும்.

எமது குழுவில் செய்யக்கூடியது

இவற்றிலிருந்து மூன்று பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பொருளுக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் எண் வேண்டும். அந்தக் குறி பொருளின் ஆயுள்வரை நிற்க வேண்டும். எண்ணுக்குப் பின்னால் ஒழுங்காக எழுதப்படும் பதிவேடு வேண்டும். இம்மூன்றும் இருந்தால் கணினி இல்லாமலே வேலை நடக்கும். 18 குடும்பங்களும் 60 பொருட்களும் உள்ள ஒரு குழுவை மனதிற் கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

1. எண் கொடுத்தல். 1 முதல் வரிசையாகக் கொடுங்கள். எண்ணுக்கு முன்னால் குழுவின் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்தால் அயல் குழுவின் பொருளோடு கலக்காது. எண்ணுக்குள்ளேயே ஆண்டு, கொடுத்தவர், வைத்திருப்பவர் என்று எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். வைத்திருப்பவர் மாறுவார், எண் மாறக் கூடாது. ஒரு கருவி உடைந்து கழிக்கப்பட்டால் அதன் எண்ணைப் புதிய கருவிக்குக் கொடுக்காதீர்கள். இல்லாவிட்டால் பழைய பதிவும் புதிய பதிவும் குழம்பும்.

2. குறியிடும் இடம். மண்வெட்டியின் அலகு தேயும். பிடி உடைந்து மாறும். ஆகவே பிடி நுழையும் வளையத்தின் வெளிப்புறத்தில் இரும்பு எண் அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்க வேண்டும். கொல்லுப் பட்டறைகளில் இந்த எண் அச்சு இருக்கும். அடிக்கும்போது கண்ணுக்குக் கவசம் அவசியம். அலவாங்குக்கு நடுப்பகுதி பொருத்தம். இரு முனைகளும் அடிபடும். கத்திக்கும் முள்ளுக்கும் பிடியோடு சேரும் கழுத்துப் பகுதி நல்லது. பிளாஸ்டிக் கூடைகளுக்குச் சூடாக்கிய கம்பியால் விளிம்பில் எழுதலாம். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி அனுப்புபவர்கள் கூடைகள் மாறிப் போவதை நன்கு அறிவார்கள். தறப்பாளுக்கு நான்கு மூலைகளிலும் எண்ணெய்ப் பெயின்டால் எழுதுங்கள். ஒரு மூலை கிழிந்தாலும் மற்றவை இருக்கும். நீர்க்குழாய்க்கு இரு முனைகளிலும் ஒரே நிறத்தில் வளையம் பூசுங்கள்.

3. கவனமாக இருக்க வேண்டியவை. நீரிறைக்கும் இயந்திரத்தின் பெற்றோல் தாங்கிக்கு அருகே சூடு வைக்கவோ ஒட்டுவேலை செய்யவோ வேண்டாம். அதன் இரும்புச் சட்டத்தில் பெயின்டால் எழுதினாற் போதும். கம்பனி பொறித்த எஞ்சின் இலக்கத்தைப் பதிவேட்டில் கட்டாயம் எழுதி வையுங்கள். இயந்திரம் களவு போய்ப் பொலிஸில் முறையிடும்போது கேட்கப்படுவது அதுதான். மருந்தடிக்கும் டாங்கியில் அழுத்தம் ஏறும் பாகங்களில் அடிக்கவோ சுடவோ கூடாது. ஒரு டாங்கியில் ‘களைநாசினி மட்டும்’ என்று சிவப்பில் பெரிதாக எழுதிப் பிரித்து வையுங்கள். களைநாசினி அடித்த டாங்கியை ஒழுங்காகக் கழுவாமல் மிளகாய்க்கும் தக்காளிக்கும் பாவித்துப் பயிர் கருகுவது எவருக்கும் நடக்கக்கூடியது. அந்த ஒரு சொல் ஒரு போகத்தைக் காப்பாற்றும்.

4. மூன்று கொப்பிகள். முதலாவது பொருட் பதிவேடு: எண், பொருளின் பெயர், வந்த திகதி, எங்கிருந்து வந்தது, விலை, கம்பனி இலக்கம், இப்போதைய நிலை. இரண்டாவது கொடுத்து வாங்கும் கொப்பி: திகதி, எண், கொண்டு செல்பவரின் பெயர், கையொப்பம், திரும்பிய திகதி, திரும்பியபோது இருந்த நிலை. மூன்றாவது திருத்த வேலைக் கொப்பி: எண், பழுது, திருத்தியவர், செலவு. நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஓடிய மணித்தியாலங்களையும் எழுதுங்கள். சிறிய பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றின் கைநூல்கள், முதல் 20 மணித்தியாலத்திலும் பின்னர் 100 மணித்தியாலத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஒயில் மாற்றச் சொல்கின்றன. பொது இயந்திரங்கள் சீக்கிரம் சாவதற்கு முக்கிய காரணம், ஒயில் மாற்றும் முறை யாருடையது என்று எவருக்கும் தெரியாமையே.

5. ஆணிப் பலகை. எழுத வாசிக்கச் சிரமப்படுபவர்களும் எம்மிடையே உண்டு. அவர்களை ஒதுக்கிவிடும் முறை நல்ல முறையல்ல. களஞ்சியச் சுவரில் ஒரு பலகையை வைத்து, ஒவ்வொரு கருவியின் எண்ணுக்கும் ஓர் ஆணி அடியுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர் எழுதிய, அல்லது அவர்களே தெரிந்தெடுத்த பூ, பறவை, தேங்காய் போன்ற படம் வரைந்த மரத் துண்டுகள் சில கொடுங்கள். கருவியை எடுப்பவர் தமது துண்டை அந்த ஆணியிற் கொழுவிவிட்டுப் போவார். திருப்பித் தரும்போது எடுத்துக்கொள்வார். பலகையைப் பார்த்தாலே எது எங்கே இருக்கிறது என்று தெரியும். “அக்கா, ஏழாம் நம்பர் மம்பட்டி இருக்கா?” என்று கேட்டால், “அது மயில் படம் போட்ட வீட்டில இருக்கு தம்பி, பின்னேரம் வரும்” என்று உடனே பதில் சொல்லலாம். துண்டு கணவரின் பெயரில் மட்டும் இருக்க வேண்டாம். தோட்டம் செய்யும் பெண்களும், தனியாகக் குடும்பத்தை நடத்தும் தாய்மாரும் தம் பெயரிலேயே கருவி எடுக்கும் உரிமை உடையவர்கள்.

6. எண்ணிப் பார்த்தல். ஒவ்வொரு பெரும்போகமும் சிறுபோகமும் தொடங்குமுன் எல்லாக் கருவிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அரசாங்கக் கந்தோர்களில் ஆண்டுதோறும் பொருட்களை எண்ணுவதற்கு ஒரு குழு நியமிக்கப்படும். களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் அல்லாத வேறு உத்தியோகத்தர்களே அதில் இருப்பர். இந்த நல்ல வழக்கத்தை நாமும் பின்பற்றலாம். பொறுப்பாளர் மீது சந்தேகம் இருப்பதால் அல்ல, அவர் மீது சந்தேகம் வராமல் இருப்பதற்காகவே வேறு இருவர் எண்ணுகிறார்கள்.

7. பிரதி. வெள்ளம் வரும்போது கருவியும் பதிவேடும் ஒன்றாகவே போகின்றன. மாதம் ஒருமுறை பதிவேட்டின் பக்கங்களைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து, வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். இழந்தவற்றைப் பற்றிக் கிராம அலுவலரிடமோ கமநல சேவை நிலையத்திலோ உதவி நிறுவனத்திடமோ சொல்ல நேர்ந்தால், ‘நிறையப் போய்விட்டது’ என்பதைவிட ‘இன்ன இன்ன இலக்கமுடைய 14 பொருட்கள் போயின’ என்பது வலிமையான சொல்.

எமக்குக் கணினிக் குறி தேவையா?

60 பொருட்கள் உள்ள குழுவுக்குத் தேவையில்லை. கொப்பியும் ஆணிப் பலகையும் போதும். பல குழுக்கள் ஒன்றுசேர்ந்த சம்மேளனம் 500 அல்லது 1000 பொருட்களை வைத்திருந்து, அவை பல களஞ்சியங்களுக்கிடையே மாறிச் செல்லுமானால், அப்போது குறி பயன்படும். கையால் எழுதும்போது 17 என்பது 71 ஆகிவிடலாம். கருவி அவ்வாறு பிழைவிடுவது அரிது. இன்று சாதாரணக் கைத்தொலைபேசியே கியூ.ஆர். குறியைப் படிக்கும் என்பதால் தனிக் கருவி வாங்கும் செலவும் இல்லை.

அப்படிச் செய்வதானாலும் மூன்று நிபந்தனைகளை மறக்க வேண்டாம். குறியைக் கடதாசியில் அல்லாது அலுமினியத் தகட்டிலோ தடித்த பிளாஸ்டிக்கிலோ செய்து, கையும் மண்ணும் படாத இடத்திற் பொருத்த வேண்டும். குறிக்குக் கீழே அதே எண்ணைக் கண்ணால் வாசிக்கக்கூடியதாகவும் பொறிக்க வேண்டும். மின்சாரமும் சிக்னலும் இல்லாத நாளில் அதுவே கைகொடுக்கும். பதிவேடு குழுவின் கையில் இருக்க வேண்டும். உதவி நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருந்தால், திட்டம் முடிந்து அவர்கள் போகும் நாளில் எமது பொருட்களின் வரலாறும் அவர்களோடு போய்விடும்.

பொருளுக்கு இலக்கம், மனிதருக்குப் பெயர்

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். மலையகத் தமிழரின் வரலாற்றில் இலக்கத்துக்கு ஒரு கசப்பான பக்கம் உண்டு.

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் சந்ததியினர் எம்மில் பலர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்களுடைய பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தகர டிக்கட் முறை வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறு தகரத் துண்டு இந்தியாவில் ஆட்சேர்ப்பின்போது வழங்கப்பட்டது. அதைக் கொண்டு வந்தவரின் பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அது பின்னர் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. ஒரு பொதியை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று குறிப்பதுபோல மனிதரைக் குறித்தார்கள். இதோடு ‘துண்டு’ முறையும் இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தத் தொகையைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவர் போகலாம். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் துண்டு முறை ஒழிந்தது.

நாம் எழுதும் கொப்பி இன்னொரு துண்டாக மாறிவிடக் கூடாது. கருவியைக் காப்பதற்காக ஏற்பட்ட பதிவு, ஏழைக் குடும்பத்தைக் கட்டிப்போடும் கணக்காக மாறுவது மிகச் சுலபம். அதற்கு எதிராகச் சில ஒழுங்குகளைத் தொடக்கத்திலேயே தீர்மானித்து எழுதிவையுங்கள்.

வேலை செய்து தேய்ந்த கருவிக்கு எவரும் பணம் கட்டத் தேவையில்லை. தேய்வது உழைத்ததன் அடையாளம். தொலைந்தால், தனியொருவர் தீர்ப்புச் சொல்லாமல் முழுக் குழுவும் கூடிக் காரணத்தைக் கேட்க வேண்டும். மண்சரிவு, வெள்ளம், நோய் போன்றவற்றால் ஏற்பட்ட இழப்பு குழுவின் பொது இழப்பே. கவலையீனத்தால் தொலைத்தவர் பணமாகவோ உழைப்பாகவோ ஈடுசெய்யலாம். ஆனால் அந்தத் தொகை வட்டியோடு வளரும் கடனாக ஒருபோதும் எழுதப்படலாகாது. கொப்பியை எந்த உறுப்பினரும் எந்த நேரமும் பார்க்கலாம். அங்கே எழுதப்படுவது கருவியின் கதை மட்டுமே. குடும்பங்களின் அடையாள அட்டை இலக்கம், வருமானம், வேறு கடன் போன்றவற்றுக்கு அதில் இடமில்லை.

ஆணிப் பலகையில் குடும்பங்களுக்கு எண் கொடுக்காமல் பெயரும் படமும் கொடுக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். கருவிக்கு எண் போதும். மனிதர் தமது பெயராலேயே அழைக்கப்பட வேண்டும்.

நல்ல பதிவேட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. காணிப் பத்திரமில்லாத, வாக்காளர் இடாப்பில் ஊர் மாறிக்கிடக்கிற, பழைய கடிதங்களையெல்லாம் வெள்ளத்தில் இழந்த ஒரு கூட்டம் தன் கையால் தன்னைப் பற்றி எழுதிவைக்கும் சாட்சி அது. இத்தனையாம் ஆண்டு, இந்த இடத்தில், இத்தனை பேர் சேர்ந்து, இந்தக் கருவிகளைக் கொண்டு கமம் செய்தார்கள் என்பதை அது சொல்லும். எமது முன்னோரைப் பற்றிப் பிறர் எழுதிய கணக்குகளே எஞ்சியிருக்கின்றன. எம்மைப் பற்றிய கணக்கை நாமே எழுதுவோம்.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. கடந்த இரண்டு போகங்களில் எமது குழுவில் காணாமற்போன கருவிகள் எவை? அவை எவ்வாறு போயின என்று யாரையும் குற்றஞ்சாட்டாமற் பேசமுடியுமா?

2. எமது பொதுப் பொருட்களில் யார் கொடுத்தார் என்ற சின்னம் உள்ளவை எத்தனை? யார் பொறுப்பு என்று தெரிந்தவை எத்தனை?

3. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் கடைசியாக ஒயில் மாற்றியது எப்போது? அதை அறிந்தவர் யார்?

4. கருவி தொலைந்தால் என்ன செய்வது என்று எமது சங்கத்தில் எழுதப்பட்ட ஒழுங்கு உண்டா? அது மிக ஏழையான குடும்பத்துக்கும் நியாயமாக இருக்குமா?

5. எழுத வாசிக்கத் தெரியாதவரும் பெண்களும் தமது பெயரில் கருவி எடுக்க இப்போது தடையாக இருப்பவை எவை?

செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பொதுக் கருவிகளைக் கொண்டு வரட்டும். ஒரு கொப்பி, ஒரு டப்பா பெயின்ட், ஒரு தூரிகை ஆகியவற்றோடு அன்றே முதல் பத்துப் பொருட்களுக்கு இலக்கமிட்டுப் பதிவேட்டின் முதற் பக்கத்தை எழுதுங்கள். பெயின்ட் காயும்வரை நான்காவது வினாவைப் பேசி முடிவெடுங்கள்.